உன் சமையலுக்கு நீயே மார்க் போடும் முன்

சமைச்சு முடிச்ச கையோட சாப்பிட உக்காந்தா, தான் வச்ச சாம்பார் தனக்கே சப்புனு இருக்கும். பக்கத்துல இருக்கிறவங்க அதையே ரெண்டாவது தடவை ஊத்திக்குவாங்க. உடனே "எனக்கு மட்டும் ஏன் ருசிக்கல, என் கைக்கே சமையல் வராது போல"ன்னு மனசு விட்டுடாதே தங்கச்சி. குறை கையில இல்ல, மூக்குல. நாம ருசின்னு சொல்றதுல பெரும்பங்கு வாசனை தான். மணிக்கணக்கா பெருங்காயத்தையும் வறுத்த மல்லியையும் தாளிப்பையும் முகர்ந்துக்கிட்டே நின்ன மூக்கு, அந்த மணத்தைக் கண்டுக்காம விட்டுடும். ஊதுவத்தி ஏத்தின ரூமுக்குள்ளயே இருந்தா கொஞ்ச நேரத்துல வாசனை தெரியாமப் போகுதில்லையா, அதே கதை தான்.

அதனால அடுப்படி சூட்டோட உன் சமையலை எடை போடாதே. அடுப்பை அணைச்சதும் முகம் கழுவிட்டு, பத்து நிமிஷம் மொட்டை மாடியிலயோ வாசல்லயோ காத்தாட நின்னுட்டு வா. அப்புறம் சாப்பிட்டுப் பாரு. சளி பிடிச்சிருக்கிற அன்னிக்கு உப்பு, புளி, காரம் எல்லாம் வழக்கமான அளவோட நிறுத்திக்கோ. அன்னிக்கு நாக்கை நம்பி ஏத்தினா வீட்டுல யாரும் சாப்பிட முடியாது.

ருசி பார்க்கிற விதமும் முக்கியம். கொதிக்கிற குழம்பைக் கரண்டியிலேருந்து உள்ளங்கையில சொட்டு விட்டு நக்கிப் பார்க்கிறது நம்ம வழக்கம். அந்தச் சூட்டுல நாக்குக்கு உப்பு சரியாத் தெரியாது. சின்னக் கிண்ணத்துல ரெண்டு ஸ்பூன் எடுத்து வெதுவெதுன்னு ஆறவிட்டு, ஒரு வாய் சோத்துல பிசைஞ்சு பாரு. நிறைய வீடுகள்ல சோத்துக்கு உப்பு போடறதில்ல. அதனால சாம்பாரும் காரக்குழம்பும் தனியாப் பார்த்தா ஒரு கல் உப்பு தூக்கலா இருக்கணும், சோத்தோட சேர்ந்தா சமமாகிடும். தனியா நக்கிப் பார்த்து "சரியா இருக்கு"ன்னு இறக்கின குழம்பு தான் இலையில போய் சப்புனு ஆகுது. பொரியலை மட்டும் அப்படியே வாயில போட்டுப் பார்க்கலாம். மீன்குழம்புக்கும் வத்தக்குழம்புக்கும் அன்னிக்கே தீர்ப்பு சொல்லாதே. மறுநாள் காலையில பழைய சோத்துக்குத் தொட்டுக்கிட்டுப் பாரு.

நைவேத்தியத்துக்குச் செய்யறவங்களைக் கவனிச்சிருக்கியா? சாமிக்குப் படைக்கிறதுக்கு முன்னாடி ருசி பார்க்கக் கூடாது. ஆனாலும் அந்தப் புளியோதரையில உப்பு பிசகாது. எப்படி? அவங்க அளவை மாத்த மாட்டாங்க. அதே உழக்கு, அதே கரண்டி, அதே பாத்திரம். மீதியை மூக்கும் கண்ணும் பார்த்துக்கும். புளிக்காய்ச்சல்ல பச்சை வாசனை போச்சா, ஓரத்துல எண்ணெய் பிரிஞ்சு நிக்குதா, கரண்டியைத் தூக்கினா எப்படி விழுதுன்னு பார்த்தே பதம் சொல்லிடுவாங்க. அளவைப் பிடிச்சுக்கிட்டா தான் பதத்தைக் கவனிக்கவே நேரம் கிடைக்கும். "நான் எல்லாம் கண்ணளவு தான்"னு சொல்றதுல பெருமை இருக்கட்டும், ஆனா பழகற காலத்துல அந்தப் பெருமை வேண்டாம். 1951-லயே எஸ். மீனாட்சி அம்மாள் ‘சமைத்துப் பார்’ புத்தகத்துல ஒவ்வொண்ணுக்கும் அளவு சொல்லித் தான் எழுதினாங்க. புதுசாக் குடித்தனம் போன எத்தனையோ பொண்ணுங்களுக்கு அது தான் கை பிடிச்சுச் சொல்லிக் குடுத்துச்சு.

இப்ப நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறதுக்கு வர்றேன். பொருள் செய்யற குறையைத் தன் குறைன்னு நினைச்சு அழற பொண்ணுங்க ஏராளம். கல்யாணமாகி வேற ஊருக்குப் போனதும் "அம்மா வீட்டுல நல்லா வந்த சாம்பார் இங்க வரவே மாட்டேங்குது"ம்பாங்க. முதல்ல தண்ணியைப் பாரு. போர் தண்ணி கடினமா இருந்தா துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் மசியாது. அந்தப் பருப்பைக் குடிக்கிற தண்ணியில ஊறவச்சு, அந்தத் தண்ணியிலயே வேகவிட்டுப் பாரு, வித்தியாசம் தெரியும். பருப்பு குழையறதுக்கு முன்னாடி புளியோ தக்காளியோ சேர்த்தாலும் இதே கதி தான், புளிப்பு பட்டா பருப்பு மெத்துனு ஆகாது.

அடுத்தது உப்பு. அம்மா கல்லுப்பு போட்டிருப்பாங்க, நீ தூள் உப்பு வாங்கியிருப்பே. அதே ஸ்பூன் தான், ஆனா கல்லுக்குக் கல் இடைவெளி இருக்கிறதால கல்லுப்பு எடை குறைவா நிக்கும். தூள் உப்பு நெருக்கமா உக்காரும். அம்மா சொன்ன "ஒரு ஸ்பூன்" உன் வீட்டுல கரிக்கிறதுக்கு இது தான் காரணம். புளி பழசா புதுசா, தக்காளி நாட்டுத் தக்காளியா பெங்களூர் தக்காளியான்னும் பாரு. நாட்டுத் தக்காளின்னா புளியைக் கொஞ்சம் குறைச்சே கரைக்கணும். அரிசி புதுசுன்னா தண்ணி குறைவா வைக்கணும், பழைய அரிசி கூடத் தண்ணி கேக்கும். இட்லி கல்லா வந்தா முதல்ல உளுந்தைச் சந்தேகப்படு. ரொம்ப நாள் கிடந்த உளுந்து ஆட்டும்போது பொங்கிக் காணாது. ஒரு சொட்டு உளுந்து மாவைத் தண்ணியில விட்டுப் பாரு. மிதந்தா உன் ஆட்டுப் பதம் சரி. முழுகினா இன்னும் கொஞ்சம் தண்ணி தெளிச்சு ஆட்டு, அப்பவும் முழுகினா கடையை மாத்து. மார்கழிக் குளிருல மாவு பொங்கலைன்னாலும் உன் கையைக் குத்தம் சொல்லாதே. மாவுப் பாத்திரத்தை மூடி, அணைச்ச ஓவனுக்குள்ளயோ கதகதப்பான மூலையிலயோ வை, கூட ரெண்டு மூணு மணி நேரம் குடு.

இதையெல்லாம் சரிபார்த்த பிறகு தான் மத்தவங்க சொல்றதுக்கு வரணும். "நல்லா இருக்கா?"ன்னு கேட்டா எல்லாரும் "நல்லா இருக்கு"ன்னு தான் சொல்லுவாங்க. அன்பு இருக்கிற வீட்டுல அப்படித் தான். அதனால கேள்வியை மாத்து. "புளிப்பு தூக்கலா இருக்கா, காரம் தூக்கலா இருக்கா?"ன்னு கேளு, யோசிச்சுப் பதில் சொல்லுவாங்க. அதை விட நல்லது, கேக்காமப் பார்க்கிறது. ஊறுகா பாட்டிலை எப்ப எடுக்கிறாங்க? குழம்பு சோத்தைப் பாதியில விட்டுட்டு சீக்கிரமே மோருக்குப் போறாங்களா? பிள்ளையோட டிபன் பாக்ஸ்ல எது திரும்பி வருது? ஓரத்துல ஒதுக்கி வச்ச கறிவேப்பிலையைக் கணக்குல எடுக்காதே. கத்தரிக்காய்த் துண்டு ஒதுங்கி இருந்தா அதை எடுத்து விரலால அழுத்திப் பாரு, நடுவுல வேகாம இருக்கும்.

வீட்டுல பெரியவங்க "உப்பே இல்ல"ன்னு திரும்பத் திரும்பச் சொன்னா மனசு நோகாதே. வயசாக ஆக மூக்கும் நாக்கும் மந்தப்படறது இயல்பு. சில மாத்திரைகளும் வாய் ருசியைக் கெடுக்கும். அவங்களுக்காக மொத்தக் குழம்புலயும் உப்பை ஏத்த வேண்டாம். ஒரு நாளைக்கு ஒருத்தருக்கு 5 கிராமுக்குள்ள, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள்ள உப்புன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பிபி இருக்கிறவங்கன்னா இன்னும் கவனம் வேணும். அவங்க தட்டுக்கு மட்டும் எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, மிளகு சீரகம் பொடிச்சுத் தூவு. உப்பு இல்லாத குறை பாதி தீரும். அவங்க சொல்லை உன் சமையலுக்கான மார்க்கா எடுத்துக்காதே, அது அவங்க உடம்போட சங்கதி.

ஓட்டல் ருசியையும் அளவுகோலா வைக்காதே. அங்க எண்ணெயும் உப்பும் தாராளமா விழும், வாரத்துல ஒரு நாள் சாப்பிடறதுக்கு அது சரி. தினம் மூணு வேளை போடற சாப்பாட்டை அதோட ஒப்பிடறது நியாயமே இல்ல.

நம்மை நாமே எடை போடறதுலயும் ஒரு கோணல் உண்டு. 1999-ல அமெரிக்காவுல குரூகர், டன்னிங்னு ரெண்டு மனவியல்காரங்க தர்க்கம், இலக்கணம் மாதிரி விஷயங்கள்ல ஆட்களைச் சோதிச்சாங்க. கடைசி வரிசையில வந்தவங்க, தாங்க நடுவுக்கு மேல இருக்கிறதா நம்பினாங்க. முதல் வரிசையில வந்தவங்களோ, மத்தவங்களுக்கும் இது வரும்னு நினைச்சுத் தங்களைக் கொஞ்சம் குறைச்சே மதிப்பிட்டாங்க. அது சமையல் ஆய்வு இல்ல. ஆனா அந்த ரெண்டாவது ரகத்தை நான் நம்ம அடுப்படிகள்ல தினம் பார்க்கிறேன். நுரை கட்டி விளிம்புக்கு ஏறுற நொடியில, கொதி வர்றதுக்குள்ள ரசத்தை இறக்கி மூடத் தெரிஞ்ச பொண்ணு "ரசம் தானே, இதுல என்ன இருக்கு"ன்னு சொல்லுவா. அதுல தான் எல்லாம் இருக்கு. கொதிக்கவிட்ட ரசத்துல அந்த மணம் நிக்காது, அந்த நொடி அவ கண்ணுக்குப் பழகிப்போனதால பெருசாத் தெரியல.

அதனால "எனக்குச் சமையல் சுமார்"னு மொத்தமா மார்க் போடாம, பதார்த்தம் பதார்த்தமாப் போடு. ஒரு நோட்டுல மூணு பத்தி பிரி. பேசிக்கிட்டே செஞ்சாலும் சரியா வர்றது ஒண்ணு, பார்த்துப் பார்த்துச் செஞ்சா வர்றது ஒண்ணு, ஒரு நாள் வந்து ஒரு நாள் சொதப்பறது ஒண்ணு. முதல் பத்தி நீ நினைச்சதை விட நீளமா இருக்கும். அதுல இருக்கிறதை நாலு பேர் அளவுலேருந்து பதினஞ்சு பேருக்குச் செஞ்சு பார்க்கலாம். அப்படிப் பெருக்கும்போது தண்ணியை அதே கணக்குல பெருக்காதே, பெரிய பாத்திரத்துல அவ்வளவு வத்தாது. உப்பையும் மிளகாய்த்தூளையும் முக்கால் பங்கு போட்டுட்டு, கடைசியில பார்த்து ஏத்து. உப்பு கூடிப் போனா உருளைக்கிழங்கை நம்பாதே, அது உப்புத் தண்ணியைக் குடிக்குமே தவிர குழம்போட கரிப்பைக் குறைக்காது. உப்பில்லாம வெந்த பருப்போ தேங்காய்ப்பாலோ சேர்த்து அளவைக் கூட்டு.

மூணாவது பத்தியிலேருந்து இந்த மாசத்துக்கு ஒண்ணே ஒண்ணு எடு. காரக்குழம்புன்னு வச்சுக்கோ. வாரம் ஒரு தடவை அதே பாத்திரத்துல, அதே அளவுல, அதே தீயில வை. ஒரு தடவைக்கு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாத்து, இந்த வாரம் புளின்னா அடுத்த வாரம் தூள். எதை மாத்தினே, எப்படி வந்துச்சுன்னு அன்னிக்கே நோட்டுல ரெண்டு வரி எழுதி வை. உப்பை மட்டும் எண்ணெய் பிரிஞ்சு மேல வந்த பிறகு சரிபாரு. அதுக்கு முன்னாடி சரியாப் போட்டா, குழம்பு வத்தும்போது கரிச்சுடும்.