கன்றுக்குச் சாக்குப் போர்வை

மார்கழி, தை மாதங்களில் மூணாறு பக்கம் உறைபனி விழும். விடிகாலையில் புல் வெள்ளையாகத் தெரியும். தேயிலைத் தோட்டத்து லயங்களில் பலர் பசு வளர்க்கிறார்கள். 1963-இல் மாட்டுப்பட்டியில் இந்திய-சுவிஸ் திட்டம் தொடங்கியது. அதன் வழி வந்த கலப்பினப் பசு குளிரைத் தாங்கும். பிறந்த கன்று தாங்காது. நடுங்கும், பால் குடிக்காது, செத்தும் போகும்.

கடைக் கம்பளி விலை அதிகம். பழைய சணல் சாக்கு இரண்டு போதும். துவைத்துக் காயவைத்து, சேர்த்துத் தைக்க வேண்டும். உரச் சாக்கு கூடாது, கன்று நக்கும். பிளாஸ்டிக் சாக்கும் வேண்டாம். உள்ளே வியர்த்து ஈரமாகும். துணிப் பட்டையால் கட்டலாம். கட்டுக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும்.

காலையில் சாக்குக்கு அடியில் கைவிட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் உடனே கழற்றுங்கள். ஈரச் சாக்கு குளிரைக் கூட்டும். மாற்றுச் சாக்கு ஒன்று கையில் இருப்பது நல்லது.