மறந்த கடவுச்சொல் திரும்பக் கிடைக்குமா?

மாணவர்களே! ஓசூர் சிப்காட்டில் ஓர் ஆலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் சரக்கிருப்பு, சம்பளக் கணக்கு யாவும் 'மைஎஸ்க்யூஎல்' தரவுத்தளத்தில் உள்ளன. நிர்வாகியோ கடவுச்சொல்லை மறந்துவிட்டார். சர்வரிடமே கேட்டால் என்ன?

அதற்கும் தெரியாது! ராகியை அரைத்த பின், மாவை மீண்டும் ராகியாக்க முடியுமா? அவ்வாறே கடவுச்சொல்லும் ஒருவழிக் கணக்கால் உருமாற்றப்படுகிறது. அந்த 'மாவு' மட்டுமே சேமிக்கப்படுகிறது. நாம் தட்டும் சொல்லையும் அதேபோல் அரைத்து, இரண்டும் ஒன்றா என்று சர்வர் ஒப்பிடுகிறது. யூனிக்ஸில் கையாண்ட இத்தகைய முறையை மாரிஸ், தாம்சன் இருவரும் 1979-இல் விளக்கி எழுதினர்.

ஆகவே பழைய சொல்லை மீட்பதில்லை, புதியதை வைக்கிறார்கள். எப்படி? தரவுத்தளத்தை நிறுத்தி, அனுமதி அட்டவணைகளைப் பார்க்காமல் தொடங்குமாறு கட்டளையிடுகிறார்கள். இப்போது கடவுச்சொல் இன்றியே நுழையலாம். பிறகு அட்டவணைகளை மீண்டும் ஏற்றி, புதிய சொல்லைப் பதிந்து, வழக்கம்போல் தொடங்குகிறார்கள்.

அந்தச் சில நிமிடங்கள் கதவு திறந்தே கிடக்கும். எனவே வெளி இணைப்புகளைத் துண்டித்துவிட வேண்டும். சர்வர் கணிப்பொறியையே ஆளும் உரிமை பெற்ற எவரும் இதைச் செய்துவிடலாம் அல்லவா? அப்படியானால், சர்வர் அறையின் சாவி யார் கையில் இருக்க வேண்டும்? சிந்தியுங்கள்!