சந்தைக்கென்று தனியாக ஒரு படம் வேண்டாம்

அன்புள்ள தங்கைக்கு,

கும்பகோணத்திலோ எழும்பூரிலோ கவின் கலைக் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, வரும் ஜனவரியில் பெங்களூரு சித்திரச் சந்தையில் முதன்முறையாக இடம் கேட்கப்போகும் உன்னைப் போன்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். கர்நாடக சித்ரகலா பரிஷத் நடத்தும் அந்தக் காட்சி ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அன்றைக்குக் குமாரகிருபா சாலையில் வண்டிகள் ஓடாது. சாலையின் இரு ஓரங்களிலும் பல மாநிலங்களிலிருந்து வந்த ஓவியர்கள் படங்களைச் சாய்த்தும் தொங்கவிட்டும் வைத்திருப்பார்கள். நூறு ரூபாய்க்கும் படம் கிடைக்கும், லட்ச ரூபாய்க்கும் கிடைக்கும். கேலரிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகக் கூச்சப்படும் குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்து நாள் முழுக்கப் பார்த்துவிட்டுப் போவார்கள். இப்படிப்பட்ட இடத்துக்கு என்ன எடுத்துப்போவது என்பதுதான் உன் முன் இருக்கும் கேள்வி. உன் அறைச் சுவரில் சாய்ந்திருக்கும், மாதக்கணக்கில் நீ மல்லுக்கட்டிய படங்களையா, அல்லது 'சந்தையில் போகும்' என்று மற்றவர்கள் சொல்லும் படங்களையா? முந்தையதை எடுத்துப்போ என்கிறேன். சந்தைக்கென்று தனியாக ஒரு கை வைத்துக்கொள்ளாதே.

இதைக் கொள்கைப் பிடிவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதலில் சந்தைக் கணக்கிலிருந்தே பார்ப்போம். அந்தச் சாலையில் ஒருவர் முனையிலிருந்து முனை வரை நடந்தால் என்னென்ன கண்ணில் படும்? கண்மூடிய புத்தர் முகம், வாஸ்துவுக்காக ஓடும் ஏழு குதிரைகள், நாலைந்து வளைகோடுகளில் முடிந்துவிடும் பிள்ளையார், கத்தியால் அப்பிய வண்ணத்தில் மழை நனைத்த தெரு, அதில் குடை பிடித்த ஜோடி. பத்துக் கடை தள்ளி மறுபடியும் அதே புத்தர். புத்தர் வேண்டும் என்று வருகிறவருக்கு உன் புத்தருக்கும் அடுத்தவர் புத்தருக்கும் இருக்கும் ஒரே வித்தியாசம் விலைதான். அதிலும் இன்னொரு போட்டியாளர் இருக்கிறார். அறைகலன் கடையில் அச்சடித்துச் சட்டமிட்டு வரும் கான்வாஸ், எந்த ஓவியராலும் கொடுக்க முடியாத விலைக்குக் கிடைக்கிறது. யாரும் வரையக்கூடிய படத்தை வரைகிறவர், மிகக் குறைந்த விலை சொல்கிறவரோடு மோதித்தான் ஆக வேண்டும். உன் படம் உன் கடையில் மட்டும்தான் கிடைக்கும் என்ற நிலை இருந்தால், விரும்பியவர் உன்னிடம்தான் வந்தாக வேண்டும். விரும்புகிறவர்கள் குறைவாக இருக்கலாம். ஆனால் அவர்கள் பேரம் பேசும் விதமே வேறாக இருக்கும்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். அதே சாலையில் தஞ்சாவூர் ஓவியக்காரர்களும் மைசூர் ஓவியக்காரர்களும் வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணனைத்தான் திரும்பத் திரும்ப வரைகிறார்கள். அவர்களை இந்தக் கணக்கில் சேர்க்காதே. பலகையில் துணி ஒட்டி, அடிப்பூச்சு கொடுத்து, மேடு எழுப்பி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டுகிற தஞ்சாவூர் வேலையும், மேடு மெலிந்து கோடு நுணுகும் மைசூர் வேலையும் தலைமுறைகளாகக் கைமாறிய தொழில்கள். இரண்டும் புவிசார் குறியீடு பெற்றவை. அந்தக் கிருஷ்ணனில் பழகிய கண் ரேக்கின் தரத்தையும் கையின் நேர்த்தியையும் பார்க்கிறது. அவர்கள் தாங்கள் நம்பும் வேலையைத்தான் கொண்டுவருகிறார்கள். அந்த மரபில் நீ பயின்றிருந்தால் அதையே கொண்டுபோ. பயிலாமல், விற்கிறது என்பதற்காக மட்டும் தங்க நிறத்தைத் தடவி அதுபோல ஒன்று செய்வதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

"நான் சாப்பிட வேண்டாமா?" என்று நீ கேட்பாய். கேட்க வேண்டிய கேள்விதான். இதற்கு நம் சென்னையிலேயே அறுபது வருடங்களுக்கு முன் ஒரு பதில் கிடைத்திருக்கிறது. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சுற்றியிருந்த இளைஞர்களும் இதே கேள்வியில்தான் நின்றார்கள். அவர்களுடைய ஓவியங்களை வாங்க அன்றைய சென்னையில் ஆள் அரிது. அவர்கள் ஓவியத்தை வளைக்கவில்லை. பாட்டிக் துணிகளும் மற்றக் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தின் துணையோடுதான் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை எழுப்பினார்கள். மெழுகைக் காய்ச்சித் துணியில் கோடு இழுத்துச் சாயத்தில் முக்கும் அந்தக் கைகளே இன்னொரு நேரத்தில் கான்வாஸுக்கு முன்னால் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாமல் நின்றன. ஜாதகக் கட்டங்களையும் கணக்குக் குறிகளையும் படிக்க முடியாத எழுத்து வரிசைகளையும் கொண்டு பணிக்கர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை அந்த ஆண்டுகளைச் சேர்ந்தது. யாருடைய வரவேற்பறைக்காகவும் அவர் அதை வரையவில்லை. துணியை நேர்மையான துணியாக விற்றதால்தான் ஓவியத்தை ஓவியமாகவே வைத்துக்கொள்ள முடிந்தது. பகலில் பள்ளியில் ஓவியம் கற்றுக்கொடு, புத்தகத்துக்கு அட்டை போடு, பை தைத்துப் படம் அச்சிட்டு விற்றுக்கொள். இவை எதிலும் குறைவில்லை. விற்பதற்காக உன் ஓவியத்தையே நீர்த்துப்போக விடுவதில்தான் நட்டம் இருக்கிறது, ஏனென்றால் சந்தை முடிந்து ஊர் திரும்பியதும் அந்தக் கை அவ்வளவு சீக்கிரம் பழைய இடத்துக்கு வராது.

அடுத்து வரும் மறுப்பு இன்னும் வலுவானது: "சாதாரண மக்களுக்கு இதெல்லாம் புரியாது, அவர்கள் காலண்டர்ப் படம் பார்த்து வளர்ந்தவர்கள்." இப்படிச் சொல்கிறவர்கள் காலண்டர்ப் படத்தையும் மக்களையும் ஒருசேரக் குறைத்துப் பேசுகிறார்கள். அந்தக் காலண்டர்ப் படங்களுக்குப் பின்னால் சி. கொண்டையராஜு இருக்கிறார். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகத் திரைச்சீலைகள் எழுதி, கோவில்பட்டியில் தங்கி, சீடர்களை உருவாக்கியவர். சிவகாசி அச்சகங்கள் வழியாக அவருடைய முருகனும் மீனாட்சி கல்யாணமும் தென்னாட்டு வீடுகளின் பூஜை அறைகளுக்குள் போயின. அவர் மக்களுக்காக இறங்கி வந்து வரையவில்லை. தான் நம்பிய தெய்வங்களைத் தனக்குத் தெரிந்த முழுத் தொழில் திறனோடு வரைந்தார். பலரும் விரும்பும் படத்தை வரைவது தவறே இல்லை. 'இவர்களுக்கு இது போதும்' என்று நினைத்துக்கொண்டு வரைவதுதான் தவறு. மறுபக்கம் கே.எம். ஆதிமூலத்தைப் பார். 1969 காந்தி நூற்றாண்டை ஒட்டிக் காந்தியைக் கறுப்புக் கோடுகளில் வரிசையாக வரைந்தவர், பிறகு வண்ணப்பரப்புகளுக்குள் போனவர். அவரே தமிழ்ச் சிற்றிதழ்களுக்கும் நூல் அட்டைகளுக்கும் வரைந்தார். கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கும் கோட்டோவியம் போட்டார். பத்திரிகை படிக்கிறவர்களுக்காக அவர் கோட்டை மழுக்கவில்லை. முறுக்கிக்கொண்டும் கிழிந்துகொண்டும் போகும் அந்தக் கோட்டை வாசகர்கள் ஓவியப் பாடம் எதுவும் படிக்காமலேயே ஏற்றுக்கொண்டார்கள். மக்கள் எதைப் பார்க்கத் தயார் என்பதை, அவர்கள் முன் வைத்துப் பார்ப்பதற்கு முன்பே முடிவுகட்ட உனக்கு என்ன உரிமை இருக்கிறது?

படித்த நண்பர்களிடமிருந்து வேறொரு குரல் வரும். தெருவில் படம் வைத்தால் கேலரிகள் மதிக்காது, தேர்ந்தெடுத்துத் தொங்கவிடாத இடத்தில் நல்லதும் கெட்டதும் கலந்துதான் கிடக்கும் என்பார்கள். கலந்து கிடக்கும் என்பது உண்மை. அதனால் உன் படம் கெட்டுவிடாது. பாரிஸில் 1884இல் பெயர்பெற்ற சலோன் ஓவியக் காட்சியின் தேர்வுக்குழு ஜார்ஜ் சூரா என்ற இருபத்துநான்கு வயது இளைஞரின் பெரிய படத்தைத் தள்ளியது. ஆற்றங்கரையில் குளிக்க வந்த உழைப்பாளிகளின் படம் அது. தள்ளப்பட்ட ஓவியர்கள் அதே ஆண்டு தாங்களே ஒரு காட்சி நடத்தினார்கள். அங்கே அந்தப் படத்துக்குக் கிடைத்தது சிற்றுண்டி விற்கும் பகுதியில் ஒரு சுவர். இன்று அது லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அந்த முயற்சியிலிருந்து எழுந்த 'சுயேச்சை ஓவியர்' சங்கம் தேர்வுக்குழுவும் பரிசும் இல்லாத காட்சி என்பதையே தன் விதியாக வைத்துக்கொண்டது. சூரா அந்தக் காட்சிக்கென்று எளிய படம் ஒன்றைத் தயாரித்துக் கொண்டுவரவில்லை, சலோனுக்குக் கொண்டுபோன அதே படத்தைத்தான் கொண்டுவந்தார் என்பதை மட்டும் கவனி. தேர்வுக்குழு இல்லாத இடத்தில் அந்தப் பொறுப்பு முழுவதும் ஓவியரின் தோளில் விழுகிறது. பத்துப் படம் வைக்க இடமிருந்தாலும் ஆறுதான் தேறும் என்றால் ஆறை வை. மீதி இடம் வெறும் சுவராக இருக்கட்டும். நெரிசலான சாலையில் அந்த வெற்றிடமே ஆளை நிறுத்தும்.

குறைந்த விலைக்கு ஏதாவது வைத்திருக்க வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். ஆசையோடு பார்த்துவிட்டு விலை கேட்டுத் தயங்கும் கல்லூரி மாணவிக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் உன்னிடம் ஏதாவது இருக்க வேண்டும். அதற்கு நல்ல வழி அச்சோவியம். லினோ தகட்டைச் செதுக்கி, மை உருட்டி, நல்ல பருத்திக் காகிதத்தில் இருபத்தைந்து படிகள் எடு. ஒவ்வொன்றின் அடியிலும் 3/25 என்பதுபோல எண்ணும் கையெழுத்தும் பென்சிலில் போடு. இருபத்தைந்து முடிந்ததும் தகட்டின் குறுக்கே ஒரு கோடு கீறிவிடு. இது பெரிய படத்தின் மலிவு நகல் ஆகாது. அந்த அளவுக்கும் அந்தக் கருவிக்கும் என்றே பிறந்த மூலப்படைப்பு. விலை குறைவதற்குக் காரணம் படிகள் பல என்பதுதான், உழைப்பு குறைவு என்பதல்ல. சென்னையில் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் அச்சுக்கலைப் பட்டறை இருக்கிறது, விசாரித்துப் பார். உன் அக்ரிலிக் படத்தைக் கம்ப்யூட்டரில் அச்செடுத்து விற்பதும் தவறில்லை, ஆனால் அது அச்சு என்று அட்டையில் எழுதி வை. வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாது என்ற நம்பிக்கையில் விற்கிற நாளில் நீ அவரை ஏமாற்றத் தொடங்கிவிட்டாய்.

அந்த அட்டையைப் பற்றி இன்னும் கொஞ்சம். படத்தின் பெயர், ஊடகம், அளவு, ஆண்டு, விலை ஐந்தும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் தெளிவாக இருக்கட்டும். விலையை எழுதாமல் ஆளைப் பார்த்துச் சொல்லும் வழக்கம் எளிய மனிதரை விரட்டிவிடும், கேட்கவே கூச்சப்பட்டு நகர்ந்துவிடுவார். திறந்த வெளி என்பதால் நீர்வண்ணப் படங்களை நாள் முழுக்க நேர் வெயிலில் வைக்காதே, சில சிவப்புகள் வெளிச்சத்தில் வெளிறக்கூடியவை. போனில் படம் பிடித்துக்கொண்டு போய் யாராவது நகலெடுத்துவிடுவார்கள் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. முழுதாகத் தடுக்க முடியாது. ஆனால் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தை விற்றாலும் பதிப்புரிமை எழுத்து மூலம் எழுதிக் கொடுக்காதவரை உன்னிடமே இருக்கிறது. ஒரு விதிவிலக்கைத் தெரிந்து வைத்துக்கொள்: ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொல்லும் ஓவியத்துக்கோ உருவப்படத்துக்கோ, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், உரிமை அவருக்குப் போகும். நகலுக்குப் பயந்து நல்ல படத்தை வீட்டில் பூட்டி வைப்பதால் உனக்கு ஒரு பயனும் இல்லை.

இவ்வளவும் செய்து அன்று மாலை ஒரு படமும் போகாமல் திரும்ப நேரலாம். அப்படி நேராது என்று உனக்கு நான் உறுதி சொல்ல முடியாது, சொன்னால் பொய்யாகும். ஆனால் பக்கத்துக் கடையில் குதிரைகள் போனதைப் பார்த்துவிட்டு அடுத்த ஜனவரிக்கு நீயும் குதிரைக்கு மாறினால், இந்த ஆண்டு உன் படத்தின் முன் நின்றவர் அடுத்த ஆண்டு தேடி வரும்போது அங்கே நீ இருக்கமாட்டாய். வாங்க மனமிருந்தும் பணமில்லாமல் போனவர், வீட்டில் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்றவர், பெயரை மட்டும் குறித்துக்கொண்டவர் என்று ஓவியருக்கு ஆட்கள் சேர்வது மெதுவாகத்தான். பாரிஸ் சுங்கச் சாவடியில் வேலை பார்த்துக்கொண்டே தானாகப் படம் வரையக் கற்ற ஹென்றி ருசோ, சுயேச்சை ஓவியர் காட்சியில் 1886இல் முதலில் பங்கெடுத்தார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். 1910இல் இறக்கும்வரை அநேகமாக ஒவ்வோர் ஆண்டும் அங்கே தன் படங்களையே கொண்டுபோய் வைத்தார். நீயும் ஒரே ஆண்டோடு முடிவு கட்டிவிடாதே. குறைந்தது மூன்று ஆண்டுகளாவது உன் படங்களோடு அந்தச் சாலைக்குப் போ. வருகிறவர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிக்கொள்ள ஒரு நோட்டும் கையோடு எடுத்துப்போ.

அன்புடன்,
உன் ஓவியங்களைக் காண விரும்பும் ஒருவர்