எண்களில் இழையும் கமகம்

நுழையும்முன்

ஓசூர்த் தொழிற்பேட்டையில் கணினிவழி இயங்கும் கடைசல் இயந்திரம் இரும்பைக் கடைகிறது. அதனை வழிநடத்துவன எண்களாலான கட்டளைகள். கணினி இசையும் அத்தகைய கட்டளைகளால் இயங்குவதே. எனினும், இயந்திரத்துக்குப் பெருமை தரும் துல்லியம் இசைக்கும் முழுமையாகப் பொருந்துமா?

மின்னணு இசைக்கருவிகளுக்கான பொதுமொழியாக 1983இல் 'மிடி' அறிமுகமானது. மிடிக் கோப்பில் ஒலி இல்லை. எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தத்துடன், எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்னும் குறிப்புகளே உள்ளன. சுரத்தையும் அழுத்தத்தையும் 0 முதல் 127 வரையிலான எண்கள் குறிக்கின்றன. ஆகவே, பிழையான சுரத்தை மட்டும் திருத்தலாம். முழுவதையும் மீண்டும் வாசிக்க வேண்டியதில்லை. இளையராஜாவின் 'புன்னகை மன்னன்' (1986), ஏ.ஆர். ரகுமானின் 'ரோஜா' (1992) ஆகியவை தமிழ்த் திரையிசையில் கணினியின் ஆற்றலை உணர்த்தின.

சுரங்களைத் தாளக்கட்டங்களில் நேராக நிறுத்தும் வசதியும் மென்பொருளில் உண்டு. எல்லாவற்றையும் அவ்வாறு நிறுத்தினால் வாசித்தவரின் உயிர்ப்பு மறைந்துவிடும். தோடி இராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நில்லாது அசைவது. அசைவின்றிப் பதிந்தால் இராகத்தின் முகமே மாறும்.

இங்குச் சுருதிவளைவு என்னும் கட்டளை உதவுகிறது. அது 0 முதல் 16,383 வரையிலான எண்களைக் கொண்டது. 8,192 என்பது வளைவற்ற நடுநிலை. பெரும்பாலும் அதன் எல்லை மேலும் கீழும் இரண்டு அரைச்சுரங்களே. தேவைக்கேற்ப அவ்வெல்லையை விரித்து, வளைகோட்டைக் கையால் வரைந்தால் கமகத்தை நெருங்கலாம். ஒரே சேனலிலுள்ள சுரங்கள் யாவும் ஒருசேர வளையுமாதலால், கமகம் பெறும் பகுதியைத் தனிச் சேனலில் வைத்தல் நன்று.

இயந்திர உறுப்பில் விலகல் குறையே. இசையிலோ, எவ்விலகல் பிழை, எவ்விலகல் அழகு எனத் தேர்வது செவியின் பணியாகும்.