பழைய தமிழ் மெயில்களை மீட்பது எப்படி?

சென்ற மாதம் சிங்கப்பூரில் இருக்கும் என் சித்தப்பா ஒரு பைல் அனுப்பினார். 2003, 2004-ம் ஆண்டுகளில் தென்காசியிலிருந்து எங்கள் தாத்தா அவருக்கு அனுப்பிய 23 மெயில்கள் அதில் இருந்தன. பிரவுசிங் சென்டருக்குப் போய், ஒரு விரலால் தட்டித் தட்டி அவர் எழுதியவை. தாத்தா இப்போது இல்லை. ஆசையோடு திறந்தேன். ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. விநோதக் குறிகள்தான் இருந்தன.

உங்களிடமும் இப்படிப்பட்ட மெயில்கள் இருக்கலாம். அழித்துவிடாதீர்கள். பெரும்பாலானவற்றை மீட்டுவிடலாம்.

ஏன் இப்படி ஆகிறது?

கம்ப்யூட்டர் எண்களை மட்டுமே சேமிக்கிறது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணையே என்கோடிங். பழைய முறைகள் பலவற்றில் முதல் 128 இடங்கள் ஆங்கிலத்துக்கு; அடுத்த 128 இடங்களில் தமிழை அடுக்கினார்கள். ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அடுக்கினார்கள். இணையத்தில் தமிழர்கள் கலந்து பேசி உருவாக்கியது டிஸ்கி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற முறைகள் வந்தன. பிறகு யுனிகோட் பரவியது. 2010-ல் தமிழக அரசும் அதை ஏற்றது.

ஒவ்வொரு மெயிலின் தலைப்பகுதியிலும் என்கோடிங் பெயரைச் சொல்லும் வரி ஒன்று இருக்க வேண்டும். பழைய டிஸ்கி மெயில்கள் பலவற்றில் அந்த இடத்தில் மேற்கு ஐரோப்பிய என்கோடிங்கின் பெயரே இருக்கும். டிஸ்கி பாண்ட் இருந்த கம்ப்யூட்டரில் அது தமிழாகத் தெரிந்தது. பாண்ட் இல்லாத இடத்தில் குறிகளாகத் தெரிகிறது.

நோயைக் கண்டுபிடியுங்கள்

1. முக்கால் குறி, அமெரிக்க செண்ட் குறி, நடுவில் உடைந்த செங்குத்துக் கோடு ஆகியவை அடிக்கடி வந்தால் அது டிஸ்கி. முக்கால் குறி 'த'. உடைந்த கோடு ஒற்றைக் கொம்பு. டிஸ்கியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு முன்னால் வரும். அதனால் 'தென்காசி' உடைந்த கோட்டில்தான் தொடங்கும்.

2. தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ', அடுத்து வட்டத்துக்குள் 'ஆர்' என்று திரும்பத் திரும்ப வந்தால் அது யுனிகோட். யூடிஎப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். அவற்றை மூன்று ஐரோப்பிய எழுத்துகளாகப் படித்ததால் வந்த வினை.

3. சமக்குறியும் அடுத்து இரண்டு எழுத்தோ எண்ணோ மாறி மாறி வந்தால், அது மெயில் பயணத்துக்காகக் கட்டிய பொட்டலம். முதலில் அதைப் பிரிக்க வேண்டும்.

4. வெறும் கட்டங்கள் தெரிந்தால் பெரும்பாலும் பாண்ட் குறைதான். கவலை வேண்டாம்.

5. வரி முழுக்கக் கேள்விக்குறிகள் என்றால் எழுத்துகள் அழிந்துவிட்டன. தமிழுக்கு இடமில்லாத அட்டவணைக்கு யாரோ மாற்றியபோது ஒவ்வொரு எழுத்துக்கும் பதில் ஒரு கேள்விக்குறி உட்கார்ந்துவிட்டது. இதற்கு மருந்து இல்லை.

மீட்கும் முறை

முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். திரையில் தெரிவதைக் காப்பி, பேஸ்ட் செய்யாதீர்கள். புள்ளி, உகரக் குறி, ஏ, ஐ ஆகியவற்றின் கடைசி பைட்டுக்கு விண்டோஸின் மேற்கு ஐரோப்பிய அட்டவணையில் எழுத்தே கிடையாது. சில புரோகிராம்கள் அதை விழுங்கிவிடும். ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' மூலம் மூல மெயிலை டவுன்லோடு செய்யுங்கள்.

இரண்டாம் வகை என்றால் என்கோடிங்கை யூடிஎப்-8 என்று மாற்றித் திறந்தாலே போதும். டிஸ்கி என்றால், லினக்ஸில் உள்ள ஐகான்வ் கட்டளைக்கு டிஸ்கி தெரியும். மூலம் டிஸ்கி, இலக்கு யூடிஎப்-8 என்று கொடுங்கள். பைத்தான் தெரிந்தவர்களுக்கு ஓப்பன்-தமிழ் தொகுப்பு உதவும். இடையில் யாராவது டிஸ்கியை ஐரோப்பிய எழுத்தாக எண்ணி யூடிஎப்-8 ஆக்கியிருந்தால், முதலில் அதைத் திருப்பிவிட்டுப் பிறகு டிஸ்கியை மாற்ற வேண்டும்.

தாத்தாவின் 22 மெயில்கள் கிடைத்துவிட்டன. சாரல் எப்போது தொடங்கியது, ஐந்தருவியில் எவ்வளவு தண்ணீர் எல்லாம் அதில் இருக்கிறது. ஒன்று மட்டும் முழுக்கக் கேள்விக்குறி. அடுத்த மெயிலில், "போன கடுதாசிக்கு நீ பதிலே போடலியே" என்று கேட்டிருக்கிறார். சித்தப்பாவிடம் போனில் கேட்டேன். "அது அன்னைக்கே அப்படித்தாம்ல வந்துச்சு. ஊருக்கு வரும்போது கேட்டுக்கிடலாம்னு விட்டுட்டேன்" என்றார்.

எனவே உங்களுக்கு வரும் மெயில் கேள்விக்குறியாக இருந்தால், அனுப்பியவரிடம் அன்றைக்கே இன்னொரு முறை அனுப்பச் சொல்லுங்கள்.