ஊராட்சி மன்றத்தில் யாருக்கு நாற்காலி?

தெருவிளக்கு எந்த மூலையில் எரிய வேண்டும், குடிநீர்க் குழாய் எந்தத் தெருவுக்கு முதலில் வர வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிக்கும் இடம் ஊராட்சி மன்றம். எங்கள் பெரும்பாறைப் பக்கத்தில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே குடியிருப்புகள் எட்ட எட்டக் கிடக்கின்றன. எந்தக் குடியிருப்பின் குரல் மன்றத்தில் கேட்கவில்லையோ, அதன் பாதை கடைசியாகத்தான் செப்பனிடப்படும்.

இக்குறை நீங்கவே அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதப்படியும், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமலும் இடங்கள் ஒதுக்கப்பட்டன. தலைவர் பதவிகளிலும் ஒதுக்கீடு உண்டு. தமிழ்நாட்டில் பெண்களின் பங்கு 2016இல் பாதியாக உயர்ந்தது.

சட்டம் நாற்காலியைக் கொடுத்தது. உட்கார விட்டார்களா? மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊர்களில் 1996இல் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே பெரும்பான்மையாய் இருந்தவர்கள் இதை ஏற்கவில்லை. தேர்தலை எத்தனை முறை அறிவித்தாலும் மனுக் கொடுக்க ஆள் வராது. வந்து வென்றாலும் உடனே பதவி விலகிவிடுவார். விலக வைக்கப்பட்டார் என்பதே சரி! பத்து ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

மேலூரை அடுத்த மேலவளவில் மிரட்டலையும் மீறித் தலைவரானார் முருகேசன். 1997 ஜூன் 30ஆம் நாள் பேருந்தில் ஊர் திரும்பும்போது அவரும் உடன் வந்தவர்களில் சிலரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் கேட்டது மக்கள் வாக்களித்துத் தந்த நாற்காலியைத்தானே?

2006 அக்டோபரில் அந்த நான்கு ஊர்களிலும் தேர்தல் நடந்தேறியது. அப்போது மதுரை ஆட்சியராக இருந்த திரு. உதயச்சந்திரன் தம் மாவட்டத்து மூன்று ஊர்களிலும் மக்களிடம் பலமுறை பேசி இணங்க வைத்தார். காவல் படையால் மட்டும் இது முடிந்திராது என்பது என் எண்ணம்.

பெண்களுக்கு வேறொரு தடை. தலைவி கையெழுத்துப் போட, கூட்டத்தைக் கணவர் நடத்தும் ஊர்கள் உண்டு. அப்படியானால் அந்த நாற்காலி யாருடையது?

கிராம சபை ஆண்டுக்கு நான்கு முறை கூடியது. 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் சேர்ந்து ஆறு முறையாயிற்று. வரவு செலவுக் கணக்கை வாக்காளர் எவரும் அங்கே கேட்கலாம். எனக்கு வாக்குரிமை வர இன்னும் மூன்று ஆண்டுகள் ஆகும். அம்மாவைக் கேட்டேன், ஒரு முறைகூடப் போனதில்லையாம். "அங்கே ஆண்கள்தானே பேசுவார்கள்" என்றார்கள். அடுத்த கூட்டத்துக்கு என்னையும் துணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

— பத்தாம் வகுப்பு மாணவி