ஒரு பிடி சோறு தணலான கதை

சான்பாடா

அன்புள்ள தம்பி,

மலேசியாவின் ஷா ஆலமிலிருந்து நீ அனுப்பிய போன் ஒடோரி விழாப் படங்களும் காணொளியும் வந்தன. யுகாதா உடை உனக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கீழே எழுதியிருந்தாயே இரண்டு வரி, அதுதான் இரண்டு நாளாக என்னைக் குடைகிறது. "இது ஜப்பான்காரங்க கோடைத் திருவிழா சார், சாமி சமாச்சாரம் எதுவும் இல்லை. அப்படியே இருந்தாலும் மூலக்கதை நம்ம ஊர்க் கதையாமே, அப்போ நம்முடையதுதானே?" ஒரே மூச்சில் இரண்டு தப்பு. என்னிடம் படித்தவன் எழுதினால் எரிச்சல் வராதா?

முதலில் சாமி சமாச்சாரம். போன் என்பது இறந்தவர்கள் வீட்டுக்கு வந்துபோகும் நாட்கள். ஜப்பானில் பெரும்பாலான ஊர்களில் ஆகஸ்ட் 13 முதல் 16 வரை. வாசலில் தீ மூட்டி முன்னோரை அழைப்பார்கள், தீ மூட்டியே வழியனுப்புவார்கள். வெள்ளரிக்காய்க்கும் கத்தரிக்காய்க்கும் குச்சிக் கால் செருகிப் படையலில் வைப்பதுண்டு. வெள்ளரிக்காய் குதிரை, வரும்போது விரைந்து வரட்டும். கத்தரிக்காய் மாடு, போகும்போது மெல்லப் போகட்டும். ஆடி அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்கிற வீட்டில் பிறந்த உனக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். அந்த நாட்களில் ஊர் கூடி ஆடுவதுதான் போன் ஒடோரி.

இனிக் கதை. புத்தரின் சீடர் மொக்கல்லானர் தம் தாயைப் பேயுலகில் பசியோடு காண்கிறார். ஒரு பிடி சோறு கொடுக்கிறார். வாய்க்குள் போகுமுன் அது தணலாகிவிடுகிறது. புத்தர் சொற்படி ஏழாம் மாதம் 15ஆம் நாள் துறவிகளுக்கு அன்னமிட, தாய் விடுபடுகிறாள். மகன் மகிழ்ந்து ஆடியதே இந்த ஆட்டம் என்பது ஜப்பானியர் நம்பிக்கை.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மணிமேகலைக் காப்பியத்தின் காயசண்டிகைதான் நினைவுக்கு வருவாள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழுக்கும் நாவற்கனியைக் காலால் சிதைத்த பாவத்துக்கு, எத்தனை தின்றாலும் அடங்காத யானைத்தீ நோய். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியிலிருந்து மணிமேகலை ஒரு பிடி இட்டதும் அது தணிகிறது. அங்கே பிடி சோறு தணலாகிறது, இங்கே பிடி சோறு தணலை அணைக்கிறது! மாட்டுங்காவில் குடியிருந்த காலத்தில் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து நாற்பது பக்கம் எழுதினேன். ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று நிறுவிவிடலாம் என்ற ஆசை. பிறகு பாலி மொழிப் பௌத்த நூலான பேதவத்துவைப் புரட்டினேன். அங்கே தாயை மீட்பவர் மொக்கல்லானரே இல்லை, சாரிபுத்தர். அவளும் முற்பிறவித் தாய். மொக்கல்லானர் கதை நாம் அறிந்த வடிவில் சீன மொழிச் சூத்திரத்தில்தான் கிடைக்கிறது. அது சீனாவிலேயே இயற்றப்பட்டிருக்கலாம் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. பெற்றவள் கடன் தீர்க்கும் மகன் என்றால் சீனர்களுக்கு உயிர். அங்கிருந்து அது ஜப்பானுக்குப் போனது. 657இல் அசுகாவில் இந்த வழிபாடு நடந்ததை நிஹோன் ஷோகி என்னும் பழைய வரலாற்று நூல் குறிக்கிறது. நாற்பது பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். இன்றைக்கும் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆள் இங்கிருந்து போனவர், கதை சீனத்தில் உருவானது, ஆட்டம் ஜப்பானுடையது. இதில் 'நம்முடையது' எங்கே வந்தது? ஒப்புமை வேறு, வழி வேறு. ஜப்பானிய மொழி அறிஞர் சுசுமு ஓனோ நம் பொங்கலையும் ஜப்பானில் ஜனவரி 15இல் வரும் கோஷோகாட்சு விழாவையும் ஒப்பிட்டு எழுதினார். பெரிய உழைப்பு. அவருடைய தமிழ்–ஜப்பானிய உறவுக் கொள்கையை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை என்பதைச் சொல்லாமல் மேடையில் கைதட்டல் மட்டும் வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

சரி, மதமா கலையா? நீ ஆடிய அந்த 'தாங்கோ புஷி'யையே பார். மண்வெட்டியால் தோண்டுகிறாய், தோளுக்குப் பின்னால் வீசுகிறாய், தள்ளுவண்டியைத் தள்ளுகிறாய். அது ஃபுகுவோகா பகுதி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் பாட்டு. புத்தரும் இல்லை, பேயும் இல்லை. மலேசியாவில் இந்த விழா 1977இல், அங்கே குடியிருந்த ஜப்பானியர் தம் பிள்ளைகளுக்கு ஊர்ப் பழக்கம் மறந்துபோகக் கூடாது என்று தொடங்கியது. 2022 ஜூனில் சமய விவகார அமைச்சர் இட்ரிஸ் அகமது, இதில் வேற்று மத அம்சம் இருக்கிறது, முஸ்லிம்கள் போக வேண்டாம் என்றார். சிலாங்கூர் சுல்தான், விழா நடக்கட்டும், அமைச்சரே வந்து மதத்துக்கும் பண்பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்கட்டும் என்றார். ஜூலை 16இல் ஆயிரக்கணக்கானோர் ஷா ஆலமில் திரண்டார்கள். அமைச்சர் வேரைப் பார்த்தார், சுல்தான் மைதானத்தைப் பார்த்தார். இரண்டும் அங்கே இருந்தவைதான்.

உன் அம்மா தாராவி 90 அடி சாலையில் பொங்கல் வைக்கிறாரே, அது எந்த வயலின் நெல்? ரேஷன் கடை அரிசியோ மளிகைக் கடை அரிசியோ. அவர் சூரியனைக் கும்பிடுகிறார். பக்கத்து அடுப்பில் வேளாங்கண்ணி மாதாவைக் கும்பிடுகிற அக்கா. பானை பொங்கும்போது இருவர் குரலும் ஒன்றுதான். அவர்களிடம் போய் மதமா கலையா என்று கேட்டுப் பார். கரண்டியால் அடி விழும்.

அடுத்த ஆண்டும் போவாய் அல்லவா? நூடுல்ஸ் கடையையும் மேளக்காரரையும் மட்டும் படமெடுக்காதே. எங்காவது ஓரத்தில் கால் முளைத்த வெள்ளரிக்காய் நிற்கிறதா என்று தேடிப் பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய தமிழ் வாத்தியார்